கருவணுவின் வரலாறும் கல்கத்தா மாநகரும்

உயிர் உயிரிலிருந்தே தோன்றித் தொடர்ந்து வரும் விந்தையை மாந்தர் தொன்றுதொட்டே எண்ணி வியந்துள்ளனர். நம் தமிழகத்துச் சான்றோரும் இதற்கு விலக்கல்லர். திருமூலர் தம் திருமந்திரத்துள் கர்ப்பக்கிரியை என்றொரு பகுதியையே வகுத்து வைத்தார். மாணிக்கவாசகப் பெருமான் போற்றித் திருவகவலில், தாயின் வயிற்றில் உயிரொன்று திங்கள்தோறும் கடந்து வரும் இடர்களை வரிசையாக எடுத்துரைத்தார். ஆயினும் அக்கரு உருவாவதற்கு முன்னர், தந்தையின் உடலிலும் தாயின் உடலிலும் அதற்குரிய அணுக்கள் எவ்வாறு ஆயத்தமாகின்றன என்பதைக் கண்ணாற் கண்டறியும் கருவி அந்நாளில் இல்லை. கருவி கைக்கு வந்தபின் நிகழ்ந்தவற்றையே ஈண்டுச் சுருங்கக் கூற விழைகிறோம்.

இத்தகைய பொருளைச் சங்கத்தின் ஆண்டு மலரில் எழுதுதல் தகுமோ என அன்பர் சிலர் ஐயுறக்கூடும். இரு காரணம் பற்றியே துணிந்தோம். நாம் பிழைக்க வந்து வேரூன்றிய இக்கல்கத்தா மாநகருக்கு இவ்வரலாற்றில் சிறந்த பங்கு உண்டு. அதனை நம்மவர் பலர் அறியார். இஃது ஒன்று. இப்பொருளை அறியாமையால் நம் இல்லங்களில் இன்றும் பெண்டிர் தகாத பழியைச் சுமக்கின்றனர், இது மற்றொன்று. நாம் பட்டதாரிகள் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு ரயில்வே அலுவலகத்துட் புகுந்து, கோப்புகளோடு காலங் கழிப்பவரே. ஆதலின் பண்டிதர் மொழியை விடுத்து, நமக்குப் பழக்கமான அலுவலக மொழியிலேயே சொல்லிச் செல்வோம்.

பாதி என்னும் புதிர்

1677ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லீவன்ஹூக் என்பார், தாமே செய்த உருப்பெருக்கி வழியாக ஆணின் விந்தணுக்களைக் கண்டார். அவரும் பல்கலைக்கழகம் புகாதவரே என்பதை நம்போன்றோர் மனத்திற் கொள்ளுதல் நலம். பாலூட்டிகளின் முட்டையணுவைக் காண அதன்பின் 150 ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது. 1827இல் வான் பேயர் அதனை ஒரு நாயின் உடலில் கண்டு உலகிற்கு அறிவித்தார். 1876இல் ஆஸ்கார் ஹெர்ட்விக் என்பவர், கடல்வாழ் உயிரான கடல் முள்ளெலியில், முட்டையின் உட்கருவும் விந்தணுவின் உட்கருவும் ஒன்றுகூடுவதைக் கண்டு எழுதினார்.

இவ்வாறு இரண்டும் கூடியே கரு அமைகிறது எனத் தெளிந்தவுடன் ஒரு பெரும் புதிர் எழுந்தது. உயிரணுவின் உட்கருவில் நூலிழை போன்ற சில உண்டு. சாயமேற்றினால் நிறம்பெற்றுத் தோன்றுதலின் அவற்றைக் குரோமோசோம்கள் என்பர். பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைக்குக் கொண்டு செல்பவை இவையே. ஒவ்வோர் இனத்திற்கும் இவற்றின் எண்ணிக்கை ஒன்றே. தந்தையிடமிருந்து முழுத்தொகையும் தாயிடமிருந்து முழுத்தொகையும் வருமாயின், தலைமுறைதோறும் எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டே போதல் வேண்டுமன்றோ? அவ்வாறு போகவில்லையே, ஏன்?

விடையின் முதற்பகுதியைக் கண்டவர் பெல்ஜிய நாட்டு வான் பெனடன். குதிரையின் குடற்புழுவை ஆராய்ந்த அவர், கருவுற்ற முட்டையில் 4 குரோமோசோம்கள் இருப்பதையும், அவற்றுள் 2 தந்தையினுடையன, 2 தாயினுடையன என்பதையும் 1883இல் வெளியிட்டார். இருபாலாரும் பாதிப்பாதியே தருகின்றனர். 1887இல் ஜெர்மானிய அறிஞர் வைஸ்மான், தொகையைப் பாதியாகக் குறைக்கும் தனிவகைப் பிரிவு ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று அறிவினால் ஊகித்துக் கூறினார். 1905இல் ஃபார்மர், மூர் என்னும் ஆங்கிலேயர் இருவர், குறைதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். நம் பாடநூல்கள் அதனைக் குன்றற் பிரிவு என்கின்றன.

மனிதனுக்கு எத்தனை குரோமோசோம்கள் என்பதிலேயே நெடுநாள் பிழை நிலவியது. 48 என்று பாடநூல்கள் கூறிவந்தன. ஜாவாவிற் பிறந்த ஜியோ என்பாரும் ஸ்வீடன் நாட்டு லெவான் என்பாரும் 46 என்று 1956இல் மெய்ப்பித்தனர். எண்ணிக்கைப் பிழை நம் அலுவலகத்துப் பேரேடுகளில் மட்டும் நேர்வதன்று போலும்!

ஒருமுறை நகல், இருமுறை பிரிப்பு

உடலின் ஒவ்வோர் அணுவிலும் 46 கோப்புகள் உள்ளன என்று கொள்வோம். இவை 23 இணைகள். ஒவ்வோர் இணையிலும் ஒரு கோப்பு தந்தையின் வழி வந்தது. மற்றது தாயின் வழி வந்தது. உடல் வளரும்போதும் புண் ஆறும்போதும் நிகழ்வது சாதாரணப் பிரிவு. 46 கோப்புகளுக்கும் நகல் எடுக்கப்படும். ஒரு தொகுதி ஓர் அணுவுக்கும் மறுதொகுதி மற்றோர் அணுவுக்கும் செல்லும். ஒருமுறை நகல், ஒருமுறை பிரிப்பு. எனவே எண்ணிக்கை மாறுவதில்லை.

குன்றற் பிரிவில் முறையே வேறு. நகல் எடுப்பது ஒருமுறை, பிரிப்பதோ இருமுறை. முதலில் 46 கோப்புகளுக்கும் நகல் எடுக்கப்படுகிறது. மூலமும் நகலும் ஒன்றோடொன்று பிணைந்தே இருக்கும். அடுத்து, தந்தை வழிக் கோப்பும் தாய் வழிக் கோப்பும் ஒன்றையொன்று தேடிவந்து அருகருகே அமைகின்றன. சாதாரணப் பிரிவில் இவ்வாறு நிகழ்வதில்லை. அவ்வாறு அமைந்த நிலையில் இரண்டும் தம் தாள்கள் சிலவற்றைத் தமக்குள் மாற்றிக்கொள்கின்றன. தந்தையின் கோப்பில் தாயின் தாளும், தாயின் கோப்பில் தந்தையின் தாளும் ஏறுகின்றன. இக்குறுக்குமாற்றத்தின் தடயத்தை 1909இல் யான்சென்ஸ் என்னும் பெல்ஜியப் பாதிரியார் கண்டெழுதினார். அமெரிக்கரான மார்கன் 1911இல் ஈக்களைக் கொண்டு அதன் பொருளை விளக்கினார்.

பின்னர் முதற்பிரிப்பு. இணைகள் பிரிந்து, ஓரணுவுக்கு 23 வீதம் இரண்டு அணுக்கள் ஆகின்றன. ஆயினும் ஒவ்வொன்றிலும் மூலமும் நகலும் சேர்ந்தே உள்ளன. இரண்டாம் பிரிப்பில் மூலமும் நகலும் பிரிகின்றன. இறுதியில் நான்கு அணுக்கள். ஒவ்வொன்றிலும் 23 கோப்புகள். தந்தையின் 23உம் தாயின் 23உம் கூடும்போது மீண்டும் 46. புதிர் அவிழ்ந்தது.

முதற்பிரிப்பின்போது எந்த இணையில் எந்தக் கோப்பு எப்பக்கம் செல்லும் என்பதற்கு விதியில்லை. அது சீட்டுக் குலுக்கல் போன்றது. 23 இணைகளுக்கும் இருவகை வாய்ப்பு என்றால், 2ஐ 23 முறை பெருக்கிப் பாருங்கள்: 83,88,608 வகைகள் வரும். ஏறத்தாழ 84 லட்சம்! எண்பத்து நான்கு லட்சம் யோனி பேதம் என்று நம் முன்னோர் சொன்ன எண்ணோடு இஃது ஒத்துவருவது தற்செயலே. அவர்கள் கருதியது வேறு, இது வேறு. ஆயினும் ஒரே தாய்தந்தையரின் மக்கள் ஒருவரைப்போல் ஒருவர் இராமைக்குக் காரணம் இதிலேயே அடங்கியுள்ளது. தாள்மாற்றத்தையும் சேர்த்துக் கணக்கிடின், அவ்வகைகளுக்கு எல்லையே காண்பதரிது.

ஆணின் அணு, பெண்ணின் அணு

பிரிவின் விதி இருபாலார்க்கும் ஒன்றே. நடைமுறையோ மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது.

ஆணிடத்தில் இப்பணி பூப்புப் பருவத்தில் தொடங்கி முதுமைவரை ஓய்வின்றி நடைபெறுகிறது. விரைகளில் மூல அணுக்கள் இடைவிடாது பெருகிக்கொண்டேயிருக்கும். அவற்றுள் ஒரு பகுதி குன்றற் பிரிவுக்கு உட்படும். ஒவ்வொன்றும் சமமான நான்கு அணுக்களாகி, வாலும் தலையும் பெற்று விந்தணுக்களாகும். தொடக்கம் முதல் முடிவுவரை இரண்டு திங்களுக்குச் சற்று மேற்பட்ட காலம் ஆகிறது. நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் இவை உருவாகின்றன. இடையறாது புறநகர் ரயில்கள் புறப்பட்டுச் செல்லும் ஹவுரா நிலையத்தை இதற்கு ஒப்பிடலாம்.

பெண்ணின் அணுவோ வழியிலே இருமுறை நிறுத்தப்படும் நெடுந்தொலைவு வண்டி. பெண் குழந்தை தன் தாயின் வயிற்றில் மூன்று திங்கட் கருவாக இருக்கும்போதே, அதன் சினைப்பைகளில் குன்றற் பிரிவு தொடங்கிவிடுகிறது. கோப்புகள் இணைந்து தாள்களை மாற்றிக்கொண்ட அளவில் பணி நின்றுவிடும். இருபது வாரக் கருவில் 60 முதல் 70 லட்சம் வரை இருக்கும் முட்டையணுக்கள், பிறக்கும்போது 10 முதல் 20 லட்சமாகவும், பூப்பெய்தும்போது 3 முதல் 4 லட்சமாகவும் குறைகின்றன. வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிவருவன 400 முதல் 500 மட்டுமே. பன்னிரண்டு ஆண்டுகளோ நாற்பது ஆண்டுகளோ அவ்வணு சிவப்பு விளக்கின்முன் காத்து நிற்கிறது.

திங்கள்தோறும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஓர் ஊக்கிநீரை மிகுதியாகச் சுரக்கும்போது முதல் பச்சை விளக்கு எரிகிறது. முதற்பிரிப்பு முடிவுறுகிறது. ஆனால் ஈண்டுச் சமமான பங்கீடு இல்லை. 23 கோப்புகளோடு உணவுச் சேமிப்பு முழுவதையும் ஓரணு வைத்துக்கொள்ளும். மற்றோர் அணு, கோப்புகள் மட்டும் உள்ள சிறு துணுக்காக ஒதுக்கப்படும். அதனைத் துருவ அணு என்பர். வரப்போகும் கருவுக்கு முதல் நாட்களில் உணவாக வேண்டிய பொருளைச் சிதறவிடாமற் காக்கவே இவ்வேற்பாடு. ஆதலின் ஆணிடத்தில் நான்கு பயன்படும் அணுக்கள் தோன்றும் இடத்தில், பெண்ணிடத்தில் ஒன்றே தோன்றுகிறது.

இரண்டாம் பிரிப்பு தொடங்கியதும் மீண்டும் சிவப்பு விளக்கு. இம்முறை பச்சை காட்டுவது விந்தணு ஒன்றே. அஃது உட்புகுந்தால்தான் இரண்டாம் பிரிப்பு நிறைவுறும். புகாவிடின் அப்படியே அழிந்துபோகும்.

இதிலிருந்து விளங்கும் உண்மையொன்று நம் நெஞ்சைத் தொடுவது. நம் ஒவ்வொருவருக்கும் மூலமான முட்டையணு, நம் தாயார் தம் தாயின் வயிற்றிலிருந்தபோதே உருப்பெறத் தொடங்கியது. ஆதலின் நம்மிற் பாதி, ஒருகாலத்தில் நம் அம்மாவைப் பெற்ற பாட்டியின் வயிற்றிலிருந்தது எனலாம். லேக் மார்க்கெட்டுப் பகுதியில் பிறந்து வங்கமொழி பேசி வளரும் நம் பிள்ளைகள் பலருடைய தொடக்கமும், தஞ்சையிலோ நெல்லையிலோ ஒரு கிராமத்து வீட்டில் நேர்ந்ததே.

ஹால்டேன் தந்த கணக்கு

இவ்வேறுபாட்டின் விளைவொன்றைக் கணக்கிட்டுக் காட்டியவர் பேராசிரியர் ஜே. பி. எஸ். ஹால்டேன். ஆங்கில நாட்டிற் பிறந்த இப்பேரறிஞர் 1957இல் நம் நகரத்துக்கு வந்து, பாராநகரில் மகாலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியேற்றார். குர்த்தாவும் வேட்டியும் உடுத்தார். பின்னர் இந்தியக் குடியுரிமையும் பெற்று, 1964இல் புவனேசுவரத்தில் இம்மண்ணிலேயே மறைந்தார்.

குருதி உறையாமை என்னும் நோயின் பரம்பரையை ஆராய்ந்து 1947இல் அவர் எழுதிய கட்டுரை, அந்நோய்க்குக் காரணமான புதிய பிழைகள் பெண்ணின் அணுக்களைக் காட்டிலும் ஆணின் அணுக்களிலேயே மிகுதியாகத் தோன்றுகின்றன என்று காட்டிற்று. காரணம் தெளிவு. பெண்ணின் அணு பிறப்பிற்கு முன்பே நகலெடுப்பை முடித்துக் காத்திருப்பது. ஆணின் மூல அணுக்களோ ஆண்டுதோறும் நகலெடுத்துக்கொண்டே இருப்பவை. நகல் மிகுந்தால் எழுத்துப்பிழையும் மிகும் என்பதை எழுத்தராகிய நாம் அறியோமா? 2012இல் ஐஸ்லாந்து நாட்டு ஆராய்ச்சியொன்று, தந்தையின் வயது ஓராண்டு கூடுந்தோறும் பிள்ளைக்குச் செல்லும் புதிய மாற்றங்கள் இரண்டளவில் கூடுகின்றன என்று கண்டு, ஹால்டேனின் கருத்தை உறுதிப்படுத்தியது.

பெண்ணின் அணுவுக்கு நேரும் இடர் வேறுவகை. நெடுங்காலம் காத்திருப்பதால் கோப்புகளைப் பிணைத்த கட்டு தளர்கிறது. பிரிப்பின்போது ஒன்று கூடவோ குறையவோ நேரிடுகிறது. 1866இல் டவுன் என்னும் மருத்துவர் விவரித்த பிறவிக் குறைபாட்டிற்கு, 21ஆம் குரோமோசோம் இரண்டுக்கு மாறாக மூன்றாக அமைவதே காரணம் என்று 1959இல் பாரிஸ் நகரில் கண்டனர். தாயின் வயது 40ஐ எட்டும்போது ஏறத்தாழ 100 பிறப்புகளில் ஒன்றுக்கு இது நேரலாம். எனவே முதுமையின் இடர் ஒருபாலார்க்கு மட்டும் உரியதன்று, வகைதான் வேறு.

கோவையும் கல்கத்தாவும்

குரோமோசோம் ஆராய்ச்சியில் நம் தென்னாட்டையும் கல்கத்தாவையும் இணைத்த பெண்மணி ஜானகி அம்மாள். 1897இல் தலச்சேரியிற் பிறந்து, சென்னையில் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்க் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார்.

அந்நிலையத்தின் புகழுக்கு அடிகோலியது, பார்பரும் வெங்கட்ராமனும் உருவாக்கி 1918இல் வெளிவந்த கோ 205 என்னும் கரும்பு. 80 குரோமோசோம்கள் உடைய தோட்டக் கரும்பைத் தாயாகவும், 64 உடைய காட்டு நாணற்கரும்பைத் தந்தையாகவும் கொண்டு பிறந்தது அது. பாதிப்பாதி என்னும் விதிப்படி 40உம் 32உம் கூடி 72 இருத்தல் வேண்டும். ஆனால் அதில் 112 உள்ளன! தாய் தன் 80ஐயும் குறைக்காமலே கொடுத்துவிட்டது. தந்தை மட்டுமே பாதியாக்கித் தந்தது. இவ்விந்தையை ஜாவாவில் பிரேமர் என்னும் டச்சுக்காரர் விளக்கினார். குன்றற் பிரிவு சில இடங்களில் விதிவிலக்காக நிற்பதும் உண்டு என்பதற்கும், அவ்விலக்கே உழவனுக்கு நன்மையாக முடிந்தது என்பதற்கும் இது சான்று.

ஜானகி அம்மாள் 1945இல் டார்லிங்டனோடு சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் தொகைகளைத் திரட்டிப் பெருநூலொன்றை வெளியிட்டார். நேருவின் அழைப்பினால் தாயகம் திரும்பி, கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பை 1952இல் ஏற்றார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1984இல் சென்னையை அடுத்த மதுரவாயலில், ஆய்வுப் பணியின் இடையிலேயே மறைந்தார்.

நம்மவர் பலர் வாழும் பாலிகஞ்சில் உள்ள பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் பேராசிரியர் அருண்குமார் சர்மாவும் அவர்தம் மனைவியார் அர்ச்சனா சர்மாவும் குரோமோசோம்களைக் காணும் முறைகளை வளர்த்தனர். 1965இல் இருவரும் எழுதிய நூல் பிறநாடுகளிலும் பயிலப்பட்டது. 1958இல் சர்மா இந்நகரிலே தொடங்கிய உயிரணுவியல் இதழ் இன்றும் வெளிவருகிறது. அத்தெரு வழியே டிராமிலும் பஸ்ஸிலும் சென்ற நம்மில் எத்தனை பேர் இதனை அறிந்தோம்!

டாக்டர் முகர்ஜியின் கதை

இவ்வரலாற்றின் மிகுந்த துயரமும் மிகுந்த பெருமையும் இந்நகரத்து மருத்துவர் சுபாஷ் முகர்ஜிக்கு உரியன. 1931இல் ஹசாரிபாக்கில் பிறந்த இவர், கல்கத்தா தேசிய மருத்துவக் கல்லூரியிற் கற்று, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஒரு டாக்டர் பட்டமும், எடின்பரோவில் மற்றொரு டாக்டர் பட்டமும் பெற்றார்.

1978 ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தில் ஸ்டெப்டோ, எட்வர்ட்ஸ் என்பாரின் முயற்சியால் உலகின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. சரியாகப் பத்து வாரங்கள் கழித்து, அக்டோபர் 3ஆம் நாள், துர்க்கை பூசையைக் கொண்டாடும் நம் கல்கத்தாவில் இரண்டாம் குழந்தை பிறந்தது. செய்தித்தாள்கள் அதனைத் துர்க்கா என்றே அழைத்தன. முகர்ஜியோடு துணைநின்றவர்கள் குளிர்நிலை நுட்பம் அறிந்த சுனித் முகர்ஜியும், மகப்பேற்று மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யாவும் ஆவர்.

அவர் செய்ததன் அருமை, மேலே கூறிய இரு விளக்குகளை நினைவிற் கொண்டால் விளங்கும். இயற்கை, திங்களுக்கு ஒரு முட்டைக்கே பச்சை விளக்குக் காட்டும். ஆங்கிலேயர் அந்த ஒன்றையே, வயிற்றைத் துளைத்துக் கருவி செலுத்தி எடுத்தனர். முகர்ஜியோ ஊக்கிநீர் செலுத்திப் பல முட்டைகளை ஒருசேர முதிரச் செய்தார். வயிற்றைத் துளைக்காது பிறப்புவழியாகவே அவற்றை எடுத்தார். கண்ணாடிக் கலத்தில் விந்தணுவோடு சேர்த்து இரண்டாம் விளக்கை எரியச் செய்தார். உருவான கருக்களை 53 நாள் கடுங்குளிரில் உறையவைத்தார். தாயின் உடல் ஊக்கிநீரின் தாக்கம் நீங்கி இயல்பு நிலைக்குத் திரும்பியபின் கருவை உள்ளே வைத்தார். 1978இல் இந்தியக் குளிர்நிலை ஆய்விதழ் ஒன்றில் இதனைச் சிறு கட்டுரையாகவும் எழுதினார். உறைந்த கருவினின்று குழந்தை பிறந்ததாகப் பிறநாட்டார் அறிவித்தது 1984இல்தான். இன்று உலகெங்கும் வழங்கும் முறைகள் பெரும்பாலும் அவர் சென்ற வழியையே ஒத்திருக்கின்றன.

ஆனால் அவர் பெற்றது பாராட்டன்று. மாநில அரசு 1978 நவம்பரில் ஒரு குழுவை அமைத்து அவரை வினவியது. அக்குழு அவர் கூற்றை ஏற்கவில்லை. தம் ஆராய்ச்சியை எடுத்துரைக்க ஜப்பான் சென்றுவர இசைவு கிட்டவில்லை. ஊர்விட்டு ஊர் மாற்றப்பட்டார். 1981 ஜூனில், தம் துறைக்குத் தொடர்பில்லாத கண் மருத்துவ நிலையத்திற்கு அனுப்பப்பட்டார். அவ்வாண்டிலேயே, ஐம்பது வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். குழந்தையின் பெற்றோரும் ஊரார் பேச்சுக்கு அஞ்சி நெடுங்காலம் வெளிப்படவில்லை.

1986 ஆகஸ்டு 6ஆம் நாள் பம்பாயில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை என்று பதிவாயிற்று. அப்பெருமைக்குரியவர்களுள் ஒருவர் விஞ்ஞானி டி. சி. ஆனந்தகுமார். பின்னாளில் கல்கத்தாவுக்கு வந்த அவர் கையில் முகர்ஜியின் குறிப்பேடுகள் கிடைத்தன. அவற்றை வரிவரியாகப் படித்தார், உண்மையை உணர்ந்தார். 1997இல் கரண்ட் சயன்ஸ் இதழில், முதன்மை தமக்குரியதன்று, முகர்ஜிக்கே உரியது என்று எழுதினார். ஏற்கெனவே தம் தலையில் சூட்டப்பட்டிருந்த மாலையைத் தாமே கழற்றி, மறைந்துபோன ஒருவர்க்குச் சூட்டிய அச்செயலுக்கு ஈடு கூறுதல் அரிது. எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபெல் பரிசு கிடைத்தது. முகர்ஜியின் வாழ்வைத் தழுவி ரமாபத சௌத்ரி எழுதிய கதையை, தபன் சின்ஹா 1990இல் திரைப்படமாக்கினார்.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றை ஏட்டளவில் விடலாகாது. நம் வீடுகளுக்குள் அது வருதல் வேண்டும்.

23 இணைகளுள் ஓர் இணையே குழந்தை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. பெண்ணிடத்தில் அவ்விணை எக்ஸ், எக்ஸ். ஆணிடத்தில் எக்ஸ், ஒய். பிரிவின்போது தாயின் முட்டை ஒவ்வொன்றும் எக்ஸையே பெறும். தந்தையின் விந்தணுக்களில் பாதி எக்ஸும் பாதி ஒய்யும் பெறும். எக்ஸ் உடையது சேர்ந்தால் பெண். ஒய் உடையது சேர்ந்தால் ஆண். அமெரிக்கப் பெண் விஞ்ஞானி நெட்டி ஸ்டீவன்ஸ் இதற்கு அடிப்படையான உண்மையை 1905இல் ஒரு வண்டினத்தில் கண்டறிந்தார். நூறாண்டுகளுக்கு மேலாகியும், மூன்றாவதும் பெண்ணாகப் பெற்றாள் என்று மருமகளைக் குறைகூறும் வாய்கள் நம்மிடையே ஓய்ந்தபாடில்லை. குறைகூறத்தான் வேண்டுமெனில் அது மகனைச் சாரும். அவனும் விதைப்பவனேயன்றித் தெரிந்தெடுப்பவன் அல்லன். ஆகவே எவரையும் குறைகூற இடமில்லை.

இவ்வறியாமையின் விளைவு சிறிதன்று. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்ததும், 1994இல் கருவின் பாலறிதலைத் தடுக்கும் மத்தியச் சட்டம் எழுந்ததும் இதனாலேயே. 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு நாடு முழுவதிலும் பெண் குழந்தைகள் 919, தமிழ்நாட்டில் 943, நாம் வாழும் மேற்கு வங்கத்தில் 956. மூன்றும் நமக்குப் பெருமை தருவன அல்ல.

பிள்ளையில்லாக் குறைக்கும் இதுவே நீதி. அத்தகைய இல்லங்களில் ஏறத்தாழப் பாதியில் ஆணின் குறையும் பங்கு கொள்கிறது என்று மருத்துவர் கூறுகின்றனர். ஆயினும் மலடி என்ற சொல் நம் மொழியில் வழங்கும் அளவுக்கு மலடன் என்ற சொல் வழங்கக் காணோம். கோயில் சுற்றுவதும் நோன்பிருப்பதும் அவரவர் விருப்பம். அவற்றோடு கணவனும் மனைவியும் ஒருசேர மருத்துவரிடம் செல்லுதல் கடமை. முகர்ஜி உயிரைக் கொடுத்துத் திறந்த வழி இன்று திறந்தே இருக்கிறது. அவ்வழியே பிள்ளை பெற்ற எவரும் ஊரார் பேச்சுக்கு அஞ்சி ஒளிய வேண்டியதில்லை.

சங்கத்து அன்பர்களை இரண்டு செயல்களுக்கு வேண்டி நிற்கிறோம். நம் சங்கத்து இளைஞர் கூட்டங்களில் இப்பொருளை மருத்துவர் ஒருவரைக் கொண்டு தமிழிலே விளக்கச் செய்தல் ஒன்று. நம் இல்லத்தில் அடுத்துப் பிறக்கும் பெண் குழந்தைக்கு, ஆண் குழந்தைக்கு வழங்குவது போன்றே சர்க்கரை வழங்கி மகிழ்தல் மற்றொன்று. இரண்டும் செலவு மிகுந்தன அல்ல. மனம் இருந்தாற் போதும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!